வெளியேறும் எல்லை

காட்பாடியில், மூன்றாம் மாடியில்,
ஏசி ஓடாத ஆய்வகத்தில்
நான் ஒரு கடல் வைத்திருக்கிறேன்.
உயரம் ஒரு மில்லிமீட்டர்.
நீளம் என் சுண்டு விரல்.
மீன் இருக்கா என்று தம்பி கேட்டான்.
உப்பு இருக்கு என்றேன்,
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்,
நானே தட்டச்சு செய்தது.

அறுபது பார் அழுத்தத்தில்
அந்தக் கடலை ஒரு சவ்வின் மேல் ஓடவிடுகிறேன்.
சவ்வு என்றால் சவ்வு இல்லை,
மூன்று சமன்பாடு, ஒரு குணகம்.
தண்ணீரை மட்டும் உள்ளே வா என்கிறது.
உப்பு வாசலிலேயே நிற்கிறது,
நின்றது நகராமல் நெரிக்கிறது,
சுவரோரம் மயிரிழை அகலத்தில்
ஆடிக் கிருத்திகைக்கு
ரத்தினகிரிப் படியில் நிற்கும் கூட்டம்போல.
அந்த மயிரிழைக்குள் போனது என் ஆறு வருஷம்.

கண்ணிகளை இன்னும் பொடியாக்கு என்பார் அப்ரோஸ் சார்.
பொடியாக்கினால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும்.
பெரிசாக்கினால் பொய் சொல்லும்.
போன வாரம் பத்தாயிரமாவது படியில்
உப்பின் அளவு பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது.
இல்லாததைவிடக் குறைவான உப்பு!
மெஸ் சாம்பாரில்கூட அப்படி ஆனதில்லை.

மே மாசம். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
கடலுக்குள் இருபத்தைந்து,
நான் சொன்னால் சொன்னதுதான்.
லிஃப்ட் ஓடாததால்
தோளில் கேனோடு ஏறி வந்த முனிரத்தினம்
திரையை எட்டிப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், நீலம்.
"இன்னாமா இது, மழை மேப்பா?"
கடல் தண்ணிய நல்ல தண்ணி ஆக்குறது, அண்ணே.
"எத்தினி கேன் வரும்?"
கணக்குப் போட்டேன்.
மூன்று நாளாக ஓடிய கணக்குக்குள்
கழிந்திருந்தது நான்கு விநாடி.
ஒரு சொட்டு தேறாது.
முப்பத்தஞ்சு ரூபாய் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்,
சிரிக்கவில்லை.

வலது ஓரத்தில் ஒரு கோடு இருக்கிறது.
வெளியேறும் எல்லை என்று பேர்.
நல்லது போக மிஞ்சிய கெட்டி உப்புநீர்
அந்தக் கோட்டைத் தாண்டிப் போகும்.
அதற்கு நான் எழுதியது ஒரே வரி:
இதற்கு அப்பால் எதுவும் மாறாது.
சால்வர் நம்பிவிட்டது.

அந்தக் கோட்டுக்கு அப்பால்,
ராணிப்பேட்டையில்,
தம்பி குணாளன் வேலை பார்க்கிறான்.
தோல் கம்பெனிக் கழிவுநீர்
அங்கேயும் சவ்வின் மேல்தான் ஓடுகிறது.
உள்ளே விடாத உப்பைக்
காய்ச்சி, காயவைத்து, மூட்டை கட்டி
ஷெட்டில் அடுக்குகிறான்.
சமையலுக்கு ஆகாது. விலைக்கும் போகாது.
பழுப்பு நிறம். காற்றில் ஈரம் இருந்தால் தானாக வியர்க்கும்.
ஷெட் நிரம்பிப் போய் வெளியே தார்ப்பாய்க்கடியில் அடுக்குகிறார்கள்.
வானம் கறுத்தால்
நடு ராத்திரியில் அவனுக்கு போன் வரும்,
பாயை இழுத்துக் கட்ட.
சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாய் வரிகள்.
அவன் உப்பு எது, மூட்டை உப்பு எது,
அம்மா எல்லாவற்றையும் ஒரே வாளியில் அலசுகிறாள்.
வாளியில் இருப்பது போர் தண்ணீர்.
அதுவும் கரிக்கும். சோப்பு நுரைக்காது.

இன்று விடிகாலை மூன்று மணிக்குக் கணக்கு குவிந்தது.
பிழை, பத்து லட்சத்தில் ஒன்று.
தீர்வு கிடைத்தது என்று பச்சை எழுத்தில் வந்தது.
சாருக்கு மெயில் அனுப்பவேண்டும்.
அனுப்பாமல்
அந்தக் கோட்டைப் பிடித்து
வலப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இழுத்தேன்.
கண்ணிகள் பெருகின.
இன்னும் இழுத்தேன்.
நினைவகம் போதவில்லை என்றது கம்ப்யூட்டர்.

ஜன்னலுக்கு வெளியே கிழக்கில் மின்னல்,
சத்தம் இல்லாமல்.
குணாளனுக்குச் செய்தி அனுப்பினேன்:
ஒரு மூட்டை எத்தனை கிலோடா?

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது.
ஐம்பது.
நனைஞ்சா அறுபது.
இப்ப நனையுது.